பொட்டு பெட்டிக்கு மட்டும்

1. ஈரக் கை

கவரில் ஈரக் கை படக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. எனக்கு அதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். அப்போது நான் சேலத்தில் தள்ளுவண்டியில் பழைய பேப்பர் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் பார்த்தவனில்லை. அவர் வீட்டு மூட்டையில் கிடந்த ஒரு கவரை எச்சில் தொட்டுப் புரட்டினேன். மனுசன் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

ஒரு ஸ்டாம்பு வெளியாகிற அன்றைக்கே, அதற்கென்று படம் அச்சடித்த உறையில் ஒட்டி, அந்த நாளின் முத்திரையைக் குத்தினால் அது ஃபர்ஸ்ட் டே கவர். நாங்கள் எஃப்.டி.சி. என்போம். சுதந்திரம் வந்த பிறகு முதல் பத்துப் பதினைந்து வருடத்துக் கவர்களை மட்டும் தேடுகிறவர்கள் தனி ரகம். ரயில் நூற்றாண்டுக்குப் பழைய இஞ்சினும் புது இஞ்சினும். தபால்தலை நூற்றாண்டுக்குப் புறாவும் ஏரோப்பிளேனும். எவரெஸ்ட் ஏறியதற்கு ஒரு மலை. எனக்கு எழுத்து வராததால் படத்தை வைத்தே பழகினேன். பேப்பர் வண்டி போய் ஸ்டாம்புக் கடை வந்தது.

பேச்சு எங்கேயோ போகிறது. சொல்ல வந்தது கருப்பண்ணனைப் பற்றி.

2. கண்ணாடிக்குக் கீழே ஒரு பேர்

கருப்பண்ணன் எருமப்பட்டிக்காரர். நாமக்கல் பட்டறையில் லாரிக்கு ஒயரிங் செய்கிறவர். கடைக்கு வந்தால் முதலில் குழாயடிக்குப் போவார். கிரீஸ் போக மரத்தூள் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, கை காயும் வரை ஃபேனடியில் உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் கவரைத் தொடுவார். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்.

வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன பிறகு ஒருநாள் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அண்ணா, நான் ஒயரிங் பண்ணுன வண்டி ஊரெல்லாம் ஓடுது. எதுலீங்க என்ற பேரு இருக்குது? எல்லாம் ஓனர் பேரு, ஓனர் பொண்டாட்டி பேரு, புள்ள பேரு. நம்மூர்க் கண்காட்சியில ஒருக்கா என்ற கவர வச்சுப்புடோணுமுங்க. கண்ணாடிக்குக் கீழ 'கருப்பண்ணன், எருமப்பட்டி'ன்னு இருக்கோணும். அதப் பாத்துட்டா போதும்."

சேலத்தில் எங்களைப் போன்ற வியாபாரிகளும் சேகரிப்பவர்களும் கூடி நடத்துகிற கண்காட்சி அது. தை மாதம் வரும், போட்டியும் பரிசும் உண்டு. "ஆயுத பூசை கழியட்டும், நானே வந்து எடுத்துட்டுப் போய் ஃப்ரேம் பண்ணிக்கறேன்" என்றேன்.

பூசை சமயத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பூசை முடிந்துதான் வீட்டுக்கு வந்தார்.

3. பூசை

நான் போனபோது கட்டிலில் படுத்திருந்தார். அவர் மனைவி பாவாயி இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். மூடி மேல் சந்தனம், குங்குமம். அது வருடாவருடம் இருப்பதுதான். கருப்பண்ணன் பட்டறையில் ஸ்பேனருக்குப் பொட்டு வைப்பார். வீட்டில் இந்தப் பெட்டியைத் தாமே எடுத்து வைத்து, மூடியில் ஒரே ஒரு பொட்டு வைக்கச் சொல்வார்.

திறந்தேன். முதல் கவர் ரயில் நூற்றாண்டு. இஞ்சின் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஈரத்தில் குங்குமம் ஊறி, முத்திரை வரைக்கும் சிவப்பு இறங்கியிருந்தது. அடுத்தது எடுத்தேன். மலை மேல் பொட்டு. அடுத்தது, புறா மேல். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, பொட்டு வைத்து, ஈரத்தோடு திரும்பச் செருகியிருந்தது. ஒன்று பாக்கியில்லை.

"இந்த வருசம் அவரு இல்லீங்களா, நானே பண்ணுனனுங்ண்ணா" என்றார் பாவாயி. "மூடிக்கு வச்சா மட்டும் பத்துமா? இதுதானுங்க அவருக்கு ஆயுதம். ஒண்ணு உடாம வச்சு, ஆளு எந்திரிச்சு உக்காரோணும் சாமீன்னு கும்புட்டனுங்க. இருங்க, காப்பி வெக்கறேன்."

அவர் உள்ளே போனார். நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன்.

"நேத்தே பாத்துட்டேன்" என்றார் கருப்பண்ணன்.

போட்டிக்கு ஏற்க மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். கறை பட்ட கவரை ஜூரி தொடக்கூட மாட்டார்கள். "போட்டிக்கு வேண்டாம். சும்மா ஒரு ஓரமா வெச்சுப்புடலாம். பேரு இருக்குமல்லோ?" என்றேன்.

"வேண்டாமுங்ண்ணா. பாக்கறவன் எவனாச்சும் 'எவன்டா இதக் கெடுத்தவன்'னு கேப்பான். அவ பக்கத்துல நிப்பா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அவளுக்குத் தெரிய வேண்டாம். எப்பவுமே. சொல்ல மாட்டேன்னு எனக்குச் சொல்லிப்போடுங்க."

சொன்னேன்.

காப்பியோடு வந்த பாவாயியிடம், "எனக்கு மனசில்ல. பெட்டிய எடுத்து உள்ள வையி" என்றார்.

"ஏனுங்க? இத்தன நாளா அதே பேச்சாத்தான இருந்தீங்க?"

"இப்ப இல்ல. உடு."

அந்த அம்மா முகம் கறுத்துப்போனது. ஆசை விட்டுப்போனால் ஆள் தங்காது என்பார்கள். அவர் அதைத்தான் நினைத்திருப்பார்.

4. பெரிய காரியத்துக்குப் பிறகு

கண்காட்சிக்கு முன்பே கருப்பண்ணன் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் பாவாயி சேலம் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார். மடியில் அந்தப் பெட்டி.

"அவரு ஏதோ சடஞ்சுட்டு வேண்டாம்னுட்டாருங்க. இந்தத் தை மாசம் நாம வெச்சுப்புடலாங்ண்ணா. நானே பக்கத்துல நின்னு எல்லார்த்துக்கும் சொல்றேன், இது எங்கூட்டுக்காரரு சேத்ததுன்னு."

"அது ஆகாதுங்கம்மா" என்றேன்.

"ஏனுங்க ஆகாது?"

"இந்த வருசம் எடமில்லீங்க."

"அடுத்த வருசம்?"

"அப்பவும் இருக்காதுங்க."

"இருக்கற வரைக்கும் அண்ணா அண்ணான்னு வந்தவரு. செத்ததுக்கப்புறம் ஒரு பலகைக்குக்கூட எடமில்ல. நல்லா இருங்க." பெட்டியை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என் கடைப் படி ஏறவில்லை. எருமப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் எதிரே பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும்.

இப்போது கடைக்குப் புதிதாக யார் கவர் வாங்க வந்தாலும், ஸ்டாம்பு எடுக்கிற டாங்ஸ் இடுக்கியைப் பிடிப்பதைப் பற்றியோ பேப்பரில் துருப் புள்ளி விழுவதைப் பற்றியோ நான் முதலில் பேசுவதில்லை. "உங்க ஊட்ல பூசை பண்றது யாருங்க? அடுத்த தடவ அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்பேன். சிரிப்பார்கள். சிலர் கூட்டி வருவார்கள். வந்த அம்மாவுக்கு ஸ்டூலைப் போட்டு, ஒரு நல்ல கவரைக் கையில் கொடுத்து, பார்க்கச் சொல்லி, அப்புறம் சொல்வேன்:

"பொட்டு பெட்டிக்கு மட்டும் வைங்கம்மா. உள்ள வேண்டாம்."