புது மாப்பிள்ளைக்குக் கரடி காட்டுதல்

என் மச்சான் ராஜதாஸ் பாறசாலையில் ரயிலேறி, திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலைக்குக் கரடி பார்க்கப் போகிறார். தினமும், சம்பளத்துக்கு. எங்கள் குடும்பத்தில் புது மாப்பிள்ளை வந்தால், விருந்துக்கு மறுநாள் அங்கே கொண்டுபோய்க் கரடியைக் காட்டுவது வழக்கம். அவர் தங்கையைக் கட்டிய எனக்கும் காட்டினார்கள். "எலே மக்கா" என்று மச்சான் கூப்பிட்டதும், அது கம்பியருகே வந்து இரண்டு காலில் நின்றது. நான் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டேன்.

மகாராஜா பார்ப்பதற்காக மிருகங்களை வைத்திருந்தார்கள். பிறகு ஜனங்கள் பார்ப்பதற்காக வைத்தார்கள். இப்போது மிருகம் நிம்மதியாக இருக்க வேண்டுமாம். கம்பிக்கூடு போய் மரமும் குகையும் வந்தன. மனமிருந்தால் கரடி வெளியே வரும். இல்லையென்றால் டிக்கெட் எடுத்தவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்தச் சமயத்தில்தான் அங்குள்ள மிருக டாக்டர் மச்சானிடம் ஒன்று சொன்னார். மூக்கில் கயிறு கோத்துத் தெருவில் ஆடவைத்தவர்களிடமிருந்து மீட்ட கரடி அது. எழுந்து நிற்பது பாசத்தால் அல்ல, அடிக்குப் பயந்து. மச்சான் அன்று சோறு உண்ணவில்லை. அதோடு கூப்பிடுவதையும் விட்டார். ஆள் குரல் கேட்டு எழுந்து நிற்கும் பழக்கம் கரடியை விட்டுப் போக வருஷக்கணக்கானது.

இந்த ஆவணியில் அவர் மகள் பிரசீதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அபிலாஷ் ஒற்றசேகரமங்கலத்துக்காரன். வழக்கப்படி அவனும் வீட்டாரும் ஒரு வேன் நிறைய வந்து கரடிக்காகக் காத்து நின்றார்கள். கரடி வரவில்லை.

"சம்பந்தி, நீரு கூப்பிட்டா வருமெண்ணு கேட்டோமே," என்றார் மாப்பிள்ளையின் அப்பா பொன்னையன்.

"அது உள்ள உண்டு. கூப்பிடப்பிடாது."

"அப்ப ஒழிஞ்ச கூட்டுக்குக் காவலாக்கும் உமக்கு ஜோலி!"

எல்லோரும் சிரித்தார்கள். பிரசீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். "அப்பா, ஒரு தடவ மட்டும் கூப்பிடுங்க," என்றாள்.

"வேண்டாம் மோளே. கூப்பிட்டா திரும்பவும் பழையபடி பேடிச்சு எழும்பி நிக்கும்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒருமுறை நின்றால் கரடிக்கு என்ன குறைந்துவிடும்?

அவர்கள் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடந்தார்கள். மச்சானும் பிரசீதாவும் நானும் பின்தங்கினோம். அப்போது குகையிலிருந்து கரடி வந்தது. நாலு காலில், யாரையும் பார்க்காமல், மரத்தடியை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தது. பிரசீதா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். அப்பாவின் கையைப் பிடித்தாள்.

தூரத்திலிருந்து பொன்னையன் திரும்பிக் கேட்டார்: "வந்துதா?"

"இல்ல மாமா," என்றாள் பிரசீதா.