படிக்காமல் மூடிய புகார்

அமெரிக்காவின் டுலூத் நகரப் பள்ளியொன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் டோர்வால்ட், பதினோரு வருடங்களாக ஊதியமின்றி ஒரு மென்பொருளையும் காத்துவந்தார். இணையப் படிவங்களைப் படித்துத் தரும் அதை ஆயிரக்கணக்கான தளங்கள் நம்பியிருந்தன.

அன்று மகள் பிரிட்டாவின் ஹாக்கி இறுதிப்போட்டி. கிளம்பும் நேரத்தில், அந்த மென்பொருளில் ஒரு குறை இருப்பதாகச் செய்தி வந்தது. ஒரே படிவத்தைப் பல்லாயிரம் துண்டுகளாக்கி அனுப்பினால் தளமே முடங்கிவிடுமாம். எவனோ அதை இணையத்தில் ஊரறியப் போட்டுவிட்டான்.

"முதல்ல எனக்கு ரகசியமா சொல்லணும். அதுதானே முறை?" என்று பொருமினார்.

"சொன்னானான்னு பாரு," என்றாள் மனைவி மார்லிஸ், கார் சாவியோடு.

பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். தினமும் குவியும் போலிப் புகார்களில் ஒன்றென்று நினைத்து, படிக்காமலேயே 'குறை இல்லை' என மூடியவர் அவரேதான்.

"சம்பளமே தராதவங்களுக்கு ஓடி ஓடி உழைப்பீங்க. எனக்குன்னா மட்டும் எப்பவும் லீவு போட்டுடுவீங்க, இல்லப்பா?" என்றாள் பிரிட்டா. கணினியை விட்டு அவர் எழவில்லை; அவரில்லாமலேயே கார் போய்விட்டது.

துண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க, நிரலில் ஒரே வரி போதும். அது எதையும் உடைக்கவில்லை என்று சோதித்து வெளியிடுவதற்குள் போட்டி முடிந்திருந்தது. உடனே ஒரு நிறுவனம் எழுதியது: 'உங்கள் வரம்பால் எங்கள் படிவம் நின்றுவிட்டது. இன்றே சரிசெய்யவும்.'

அதற்குப் பதில் எழுதாமல், குறையைக் கண்டவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். வாசலில் கார் வந்து நின்றது. மகளிடமும் அதையே கேட்க எழுந்து போனார்.