தூதனின் மனைவியும் கோட்டு வளையங்களும்

மெலானியாவின் புருஷன் யுகிம் உக்ரைன் நாடக அரங்கு ஒன்றில் முப்பத்தொரு வருஷம் காவலாள் வேஷத்தில் ஈட்டி பிடித்தார். ஈட்டி பிடிக்காத நாட்களில் கதவு திறந்துவிட்டார். ஒரே ஒரு நாடகத்தில் "குதிரை தயார், பிரபு" என்று சொல்லும் வேஷம் கிடைத்தது. ஒத்திகையில் அந்தக் குதிரையையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1979 குளிர்காலத்தில் அவருக்கு இருபத்துநாலு வரி கிடைத்தது. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு சோக நாடகம், உக்ரைனியச் செய்யுளில். அந்தக் காலத்து விதிப்படி யாரும் ஜனங்கள் கண்ணெதிரே சாகக் கூடாது. உள்ளே போய்ச் செத்துவிட வேண்டும். ஒரு தூதன் மூச்சு வாங்க ஓடிவந்து அதை எதுகையோடு சொல்வான். தூதனாக நடித்தவர் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். இளவரசன் கடலில் மூழ்கிய செய்தி யுகிமிடம் வந்து சேர்ந்தது.

மெலானியா அதே அரங்கில் கோட்டறைக்காரி; வருகிறவர்களின் குளிர்கோட்டை வாங்கி மாட்டிவிட்டு டோக்கன் கொடுப்பாள். அவளுக்கு அந்த இருபத்துநாலு வரியும் மனப்பாடம். வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போதெல்லாம் இளவரசன் மூழ்கிக்கொண்டே இருந்தான். மேடையில் மட்டும் அவள் பார்த்ததில்லை. தூதன் வருவது ஐந்தாம் அங்கத்தில். கடைசி டிராலி பஸ்ஸைப் பிடிக்க நினைப்பவர்கள் கோட்டுக்கு வருவதும் ஐந்தாம் அங்கத்தில்தான்.

கவலை அதுவல்ல. இயக்குநர் போதான் லுகிச்சிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் விமர்சனம் படிக்க மாட்டார். இடைவேளையில் எத்தனை பேர் டோக்கனைக் கொடுத்துக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்பார். தொடர்ந்து மூன்று தடவை ஐம்பதோ அதற்கு மேலோ போனால் நாடகம் நின்றுவிடும். முதல் தடவை அறுபத்தொன்று. இரண்டாவது ஐம்பத்தெட்டு. மூன்றாவது நாளை, சனிக்கிழமை.

"நின்னா என்ன, மறுபடி ஈட்டி" என்றார் யுகிம், மீசையை ஒதுக்கியபடி. "ஈட்டியும் கலைதான்."

சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் சூப்பை மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை வெளியே மைனஸ் பத்தொன்பது. நானூறு கோட்டுகள் வந்தன. அந்த ஊரில் பாதிப் பேர் கோட்டில் தொங்கவிடும் வளையம் இருக்காது. வளையம் இல்லாத கோட்டை நீட்டுபவர்களை மெலானியா இருபத்திரண்டு வருஷமாகத் திட்டி வருகிறாள். "கழுத்தப் புடிச்சுத் தொங்கவிடவா? உங்களை அப்படித் தொங்கவிட்டா ஒத்துக்குவீங்களா?" அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. எல்லாரையும் பார்த்து "குடுங்க" என்றாள். கூட வேலை செய்யும் யூஸ்தினாவுக்குப் பயமாகிவிட்டது.

"ஏண்டி, உடம்பு சரியில்லையா?"

"ஊசி இருக்கா உன்கிட்ட?"

முதல் மூன்று அங்கம் முடிவதற்குள் இருவரும் எழுபத்தாறு கோட்டுக் கழுத்துகளில் நாடாத் துண்டை ஒரு முனை மட்டும் தைத்துவிட்டார்கள். மறு முனையில் ஊசியும் நூலும் தொங்கின. ஊசி போதாத இடத்தில் குண்டூசி.

இடைவேளை மணி அடித்தது. வரிசை மாடிப்படி வரை நின்றது. பைனாகுலர் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு வரிசை கிடையாது, நேரே முன்னால் வரலாம். அதற்காகத்தான் பைனாகுலர் எடுப்பார்கள். மேடையைப் பார்க்க யாரும் எடுப்பதில்லை. அவர்கள் பத்தொன்பது பேர். விதி விதிதான், மெலானியா முணுமுணுக்காமல் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு ஊசியை எடுத்தாள்.

"அம்மா, என் கோட்டு?"

"பாதி தைச்சிருக்கு. ரெண்டு நிமிஷம்."

"நான் தைக்கச் சொல்லலையே!"

"சொல்ல மாட்டீங்க. அதனாலதான் இத்தன வருஷமா இப்பிடி."

"பாதியோடவே குடுங்க."

"பாதியோட குடுத்தா நாளைக்கு அறுந்துபோகும். ஊர்ல என் பேரைத்தான் சொல்வீங்க."

"இந்த அம்மா கோட்டறையா, தையல் கடையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முயல்தோல் தொப்பி போட்ட ஒரு குண்டு மனுஷர். அவர் கோட்டுக்கு நல்ல வளையம் இருந்தது. ஆனால் அவருக்கு முன்னால் வளையம் இல்லாத பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

மெலானியா தையலை நெருக்கமாகப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போட்டாள். இரண்டாம் மணி அடித்தது. சிலர் சலித்துப்போய் மேலே ஏறினார்கள். கம்பியில் கோத்த டோக்கன்களை யூஸ்தினா எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பதை வாங்கியபோது முயல்தோல் தொப்பிக்காரர் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"வளையம் இருக்கு எனக்கு! பாத்துக்குங்க!"

மெலானியா அவர் கோட்டை எடுத்து வளையத்தை இழுத்துப் பார்த்தாள். நல்ல வளையம். இன்னொரு தடவை இழுத்தாள். அறுந்தது.

"பாத்தீங்களா" என்றாள்.

நாடகம் மறுபடி தொடங்கும் மூன்றாம் மணி அடித்தது. அவர் அவளையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பிடிக்க நினைத்த பஸ் போயிருக்கும். கோட்டை அங்கேயே விட்டுவிட்டு மேலே போனார்.

வரிசை கலைந்ததும் போதான் லுகிச் இறங்கி வந்து டோக்கன்களைத் தானே எண்ணினார். இரண்டு தடவை.

"நாற்பத்தொன்பது. என்ன காரணம், மெலானியா ஸ்டெபானிவ்னா?"

"குளிருங்க."

அவர் நூல் தொங்கும் கோட்டுகளைப் பார்த்தார். அவள் வாயில் பிடித்திருந்த குண்டூசிகளைப் பார்த்தார். அறைக்குப் போய்த் தன் கோட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

"என்னோடதுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் அங்கம் தொடங்கியது. கோட்டுக்கு ஒருவரும் வரவில்லை. போனாலும் கோட்டு கைக்கு வராது என்ற கோபத்தில் அத்தனை பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

"போடி, போய்ப் பாரு" என்றாள் யூஸ்தினா. "இவரோடதை நான் தைக்கறேன்."

மெலானியா கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள். யுகிம் ஓடிவந்தார். வீட்டில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னார். பதினேழாம் வரியில் கொஞ்சம் நின்றார். அவள் உதட்டை அசைத்தாள், அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. பதினெட்டாம் வரி வந்தது. இளவரசன் மூழ்கினான்.

இருட்டில் முயல்தோல் தொப்பிக்காரரின் குரல் தெளிவாகக் கேட்டது: "அட, அவன் செத்துட்டானா?"

"வாயை மூடுய்யா" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மெலானியாவும் யுகிமும் வீட்டுக்கு நடந்துதான் போனார்கள். பனி காலடியில் நொறுங்கியது. தெருமுனை திரும்பியதும் யுகிம் ஆரம்பித்தார்.

"ஒருத்தர் கேட்டார், கவனிச்சியா? செத்துட்டானான்னு."

"கேட்டேன்."

"முப்பத்தொரு வருஷத்துல என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்ல." இன்னும் கொஞ்சம் நடந்தார். "ஐம்பதுக்கு மேல கிளம்பிடுவாங்கன்னாங்களே. ஏன் போகல?"

"இந்தக் குளிர்ல எங்க போவாங்க" என்றாள் மெலானியா.

வீட்டில் யுகிம் நேற்றைய சூப்பைச் சூடுபண்ணச் சொன்னார். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். மெலானியா அவர் கோட்டை ஆணியில் மாட்டப்போனாள். வளையம் நவம்பரிலேயே அறுந்திருந்தது. கழுத்தைப் பிடித்து மாட்டினாள்.