நேராகச் சுடும் துப்பாக்கி யாருக்கு வேண்டும்?

ஏர்கன் பழுது பார்க்கிறவனுக்கு எல்லாக் குண்டும் ஒரே ஓட்டையில் விழுந்தால்தான் சோறு இறங்கும். வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. கடிகாரம், தையல் மிஷின் என்று எதையாவது நுணுக்கமாகச் சரிசெய்து கொடுத்து, பதிலுக்குத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் அழாமல் நான் யாரிடம் அழுவது?

அரியமங்கலத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே என் கடை. துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி, பத்து மீட்டர் தள்ளி அட்டை வைத்துச் சுட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன். அந்தத் துல்லியம் நிஜமாகவே தேவைப்பட்ட ஒரே ஆள் ஸ்ரீரங்கத்து வைதேகி டீச்சர். மாநில அணியில் சேர வருஷக்கணக்காக முயல்கிறவர். போன தடவை மயிரிழையில் போயிற்று. இந்தத் தடவையும் தவறினால் துப்பாக்கியை விற்றுவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார். மற்றவர்கள் என் உயிரை எடுக்கும்போதெல்லாம் அவரை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மயிலுக்குப் பக்கத்தில்

லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். சரிசெய்து, அவர் கண்ணெதிரிலேயே அட்டையின் நடுப்புள்ளியைத் துளைத்துக் காட்டினேன். மனிதர் முகம் செத்துவிட்டது. வயலில் மயில் தொல்லையாம்.

"மேல பட்டா என்னைப் புடிச்சு உள்ள வச்சுருவாங்க தம்பி. பக்கத்துல படற மாதிரி செஞ்சு குடுங்க. ஆனா கண்டிப்பா பக்கத்துலதான் படணும்!"

பலூன் கடை

பொருட்காட்சியில் பலூன் சுடும் கடை போடுகிறவர் ஸ்பிரிங் மாற்றக் கொடுத்தார். குழல் முனையில் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறி கோணலாக இருந்தது. மனசு கேட்காமல் அதையும் சும்மாவே நிமிர்த்திக் கொடுத்தேன். மறுநாளே சண்டைக்கு வந்துவிட்டார். போகிறவன் வருகிறவனெல்லாம் பலூனை வரிசையாக உடைத்துத் தள்ளுகிறானாம்.

நிமிர்த்திய கையாலேயே திரும்ப வளைத்தேன். பெற்ற பிள்ளைக்குக் காலை முறிப்பது போலிருந்தது. அவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் வளைங்க. நேத்து ஒரு சின்னப் பொண்ணுகூட அடிச்சிருச்சு."

கட்டிலிலிருந்து கதவுக்கு

துவாக்குடியில் அறை எடுத்துப் படிக்கும் மாணவர் இணையத்தை அலசிவிட்டு வந்திருந்தார். நூறு மீட்டரில் எல்லாக் குண்டும் ஒரு நாணயத்துக்குள் விழ வேண்டுமாம். அது தொலைதூரப் போட்டித் துப்பாக்கிக்கான கணக்கு. படைவீரர் துப்பாக்கிக்கே அவ்வளவு துல்லியம் வேண்டாம். இது பத்து மீட்டர் சாமான் என்று தொண்டை வறள விளக்கினேன். எங்கே சுடப்போகிறீர்கள் என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து கதவைப் பார்த்துச் சுடப்போகிறாராம்.

"தூரம் எட்டடிதான் அங்கிள். ஆனா ஸ்பெக் கம்மியா இருந்தா ஃப்ரெண்ட்ஸ் மதிக்க மாட்டாங்க."

விஜயதசமி

மாநில அணிக்கான தேர்வுப் போட்டி விஜயதசமி காலையில். அதற்கு முன்பே வைதேகி டீச்சரின் துப்பாக்கியைத் தயார் செய்துவிட்டேன். சுட்டதெல்லாம் ஒரே ஓட்டை. அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆயுத பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதல்லவா? பூஜையிலிருந்து எடுத்து நேரே போட்டிக்கு வந்தார். நானும் போயிருந்தேன்.

முதல் குண்டே எங்கோ போயிற்று. அடுத்தது வேறெங்கோ. துடைத்துத் துடைத்துச் சுட்டும் சரிவரவில்லை. போட்டி முடிந்ததும் குழலின் வாயில் விரலை வைத்தேன். நல்லெண்ணெய் மணந்தது. குழலுக்குள் எண்ணெய் போனால் குண்டு நேராகப் போகாது. டீச்சரும் முகர்ந்து பார்த்தார்.

வீட்டில் கொண்டுவிடப் போனேன். வாசலில் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். "நன்னா சுட்டுதோ? பூட்டுக்கு விடறாப்பல அதுக்குள்ளேயும் நல்லெண்ணெய் விட்டு, துடைச்சு, சந்தனம் வெச்சேன். பெருமாள் கைவிடமாட்டார்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார்.

"துப்பாக்கி நன்னாத்தான் இருந்துதும்மா. என் கைதான் ஆடிடுத்து."

இத்தனை வருஷத் தொழிலில் இம்மி பிசகாமல் சேர வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்ததாக நான் பார்த்தது அந்தப் பொய் ஒன்றைத்தான். அதுவும் என் பட்டறையில் தயாரானதில்லை.