குத்துமதிப்பு

வீட்டுக்கு வந்தவரை முகம் கோண அனுப்பும் வழக்கம் எங்கள் தாத்தாவுக்குக் கிடையாது. ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் பாதைக்குப் பின்தெருவில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பர்மாக்காரர், சீனர், நம்மவர் யார் வந்தாலும் முதலில் தேநீர், பிறகுதான் பேச்சு. அப்படிப்பட்டவர் ஒருநாள் மதியம், காமிராவோடு வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்களை எழுந்து போகச் சொன்னார். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவள் நான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தாத்தா, அம்மாவைப் பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே தன் அண்ணனோடு மலாயாவுக்குக் கப்பலேறி, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு தோட்டத்துக்கு லாரிகள் வந்தன. கூலி உண்டு, அரிசி உண்டு, சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று சொல்லி அண்ணன் தம்பி இருவரையும் ஏற்றினார்கள். இறக்கிவிட்ட இடம், சயாமையும் பர்மாவையும் இணைக்கக் காட்டைக் குடைந்து ரயில் பாதை போட்ட இடம். ஓயாத மழை, புழு நெளியும் சோறு, மூங்கில் பிளாச்சால் அடி. அதற்குப் பிறகு காலரா. போர் முடிந்தபோது தாத்தா மட்டும் உயிரோடு அந்தப் பாதையின் பர்மா முனையில் கிடந்தார். மலாயாவுக்குத் திரும்ப வழியில்லை. நடந்தும் படகேறியும் ரங்கூனுக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இங்கேயே குடும்பமானார்.

எங்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். அண்ணன் எப்படிச் செத்தார் என்பதைச் சொன்னதே இல்லை. வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தால் மட்டும், கொட்டும் மழையானாலும் தெருவில் போய் நின்றுகொள்வார். அதற்காகவே அம்மா கரி அடுப்பில் சமைத்தாள்.

காமிராவோடு வந்தவர்கள் அந்தக் காட்டு ரயில் பாதையைப் பற்றிப் படம் எடுப்பவர்கள். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். “பாத்தேன். எலும்பும் தோலுமா இருப்பாங்க, பாவம்” என்றார் தாத்தா. வந்தவர்களில் ஒருவர் உற்சாகமாகி, செத்துப்போன கைதிகளின் எண்ணிக்கையை ஒற்றை எண் பிசகாமல் சொன்னார். ஆளுக்கொரு கல்லறை, அதில் பெயர் எல்லாம் இருக்கிறது என்றார்.

“நம்ம ஆளுங்க எத்தன பேருன்னு கேளு.”

கேட்டேன். அதற்குக் கணக்கில்லை, குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும் என்றார். அதை அப்படியே தமிழில் சொன்னேன்.

“குத்துமதிப்பா?” தாத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. “எங்கண்ணன் குத்துமதிப்பா? காலராக் கொட்டாயில கெடந்தான். கண்ணு தொறந்திருந்திச்சு. தம்பி, தண்ணின்னான். நான் மொண்டுக்கிட்டு வர்றதுக்குள்ள, மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திப்புட்டானுவ. உள்ள இருந்தவன் அத்தன பேரும் உசுரோட கத்துனானுவ. சொல்லு அவங்கிட்ட.”

அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவளும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறாள். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அந்த வெள்ளைக்காரர் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், “மன்னிக்கவும், காமிரா ஓடவில்லை. அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்ல முடியுமா?” என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. “எந்திரிச்சுப் போகச் சொல்லு” என்றார்.

அன்று சாயங்காலம் அவர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் செத்தா நெருப்புல போடாத தாயி. மண்ணுல போடு.”

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்தார். சுடுகாட்டுக்கு விறகு சொல்லிவிட்டு வந்தார் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். தாத்தா சொன்னதை அம்மா எடுத்துச் சொன்னாள். “பொதைக்கிறது நம்ம வழக்கமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்று மாமா சத்தம் போட்டார். கூடியிருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

அண்ணனுக்கு எதிரே அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று உயர்த்தினாள்.

“நம்ம பெரியப்பாவ உசுரோட கொளுத்துனப்ப அந்த நாலு பேரு எங்க போயிருந்தாங்க, அண்ணே?”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், திரும்பி வரவில்லை. பெண்கள் அங்கெல்லாம் வரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தாள். குழிமேட்டில், மகன் போட வேண்டிய முதல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டவள் அவள்தான்.