கை காட்டினால் நிற்கும் ரோடு

கையை நீட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது சரியா, தப்பா? ஆறு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை.

வில்லியனூர் கடைத்தெரு வழியாகப் போகும் பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவள் பள்ளிக்கூடம். கல்யாணமாகி நான் வந்தபோது நடுவில் ஒரு வேகத்தடை இருந்தது. கோயில் தேர்ச் சக்கரம் இடிக்கும் என்று சுரண்டி எடுத்தார்கள். அதன்பிறகு தேர் மூன்று முறை வந்து போய்விட்டது, வேகத்தடை வரவில்லை. பதிலுக்கு வெள்ளைக்கோடு போட வந்தார்கள். மண்ணைக்கூடக் கூட்டவில்லை. குறுக்கே நின்ற பைக்கை நகர்த்தச் சோம்பல்பட்டு, அதைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்குக் கரைந்தது.

என் மாமனாரின் சிறுவயதில் இதே ரோட்டில் கரும்பு வண்டிகள் இரண்டு பக்கம் பக்கமாகப் போகுமாம். பிறகு ரோட்டை அகலமாக்க அளந்து குறி போட்டார்கள். அந்தக் குறி வரைக்கும் கடைக்காரர்கள் தகரக் கூரையை இழுத்து இறக்கிக்கொண்டார்கள். முன்னேற்றம் என்றால் இதுதான். மிச்சமிருந்த ஓரத்தில் காதுகுத்து பேனர். கும்பிட்ட கையோடு பத்துப் பேர் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற குழந்தை எந்த டிரைவருக்கும் தெரியாது.

அதனால் இங்கே யாரும் வண்டியைப் பார்த்துக் கடப்பதில்லை. உள்ளங்கையை நீட்டிவிட்டு, ஆசீர்வாதம் செய்கிறவர் மாதிரி நேரே பார்த்து நடக்கிறார்கள். கழுத்தைத் திருப்பினால் பயந்துவிட்டார் என்று அர்த்தம். பயந்தவருக்கு எவனும் நிறுத்தமாட்டான். சாலை விதிகளைப் படித்துப் பரீட்சை எழுதிய நானும் ஒரே வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டேன். மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் அவள் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் நடுரோட்டில் இருந்தாள். உள்ளங்கையை நீட்டியபடி, நேரே பார்த்தபடி. பஸ் அவளுக்கு ஒரு முழம் தள்ளிக் குலுங்கி நின்றது.

"இன்னாம்மா, புள்ளய இப்படித்தான் வளப்பியா?" என்றார் டிரைவர். அவர் காதில் செல்போன்.

"வுடுங்க டிரைவரே, பஸ்ஸயே நிறுத்திடுச்சி. நாளைக்கி கலெக்டரு," என்றார் டீக்கடைக்காரர். நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் அவளுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். செத்திருந்தால் அதே ஆட்கள் பேனர் வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவளைத் திட்டினேன். அவளோ, "நான் கை காட்னேன், நின்னுச்சில்ல?" என்றாள்.

"எப்பவும் நிக்காதுடி."

"அப்ப நீ காட்னா மட்டும் நிக்குமா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கணவர், "கத்துக்குடுத்ததே நீதான?" என்றார். அவர் அந்த ரோட்டை நடந்து கடந்தவர் இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே போகிறவர்.

மறுநாளிலிருந்து நான் கையை நீட்டுவதில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக் காத்திருக்கிறேன். ஒருவரும் நிறுத்துவதில்லை. பள்ளிக்குத் தினமும் தாமதம். "கைய காட்டிட்டு போம்மா, நாள் பூரா நிப்பியா?" என்று பின்னாலிருந்து சலித்துக்கொள்கிறார்கள்.

நேற்றும் அப்படித்தான் நின்றேன். என் பிடியில் இல்லாத கையை அவள் மெதுவாக நீட்டினாள். ஒரு டிராக்டர் நின்றது. கடந்துவிட்டோம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

ஜூன் மாதத்திலிருந்து நான் வேலைக்குப் போகிறேன். அவள் தனியாகக் கடக்கவேண்டும். இப்படி ஒரு ரோட்டுப் பக்கத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள்: அந்தக் கையை நீட்டச் சொல்வதா, மடக்கச் சொல்வதா?