மரியாதை நிமித்தம்

சட்டமன்ற உறுப்பினர்களுக்கென்று கட்டிய ஐந்து மாடிக் கட்டடம் அது. மூன்றாவது மாடியின் கடைசி அறைக்கு ஒரு முன்னறை உண்டு. ஆறு நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கேன், ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க் கடிகாரம், ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால், நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் உள்ளறையில் மூன்று உறுப்பினர்கள் வந்து போனார்கள். வருகிறவர்களை உட்கார வைப்பது, பதிவேட்டில் எழுத வைப்பது, நேரம் பார்த்து உள்ளே அனுப்புவது, உள்ளிருந்து வரும் கடிதங்களையும் உரைகளையும் தட்டச்சு செய்வது, இவ்வளவுதான் அக்காவின் வேலை.

பதிவேட்டில் 'வந்த காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று வந்தவர்கள் 'தெருவிளக்கு' என்று எழுதினார்கள். ஓய்வூதியம் நின்றுபோனவர்கள் கட்டத்தைத் தாண்டி அரைப்பக்கம் எழுதினார்கள். ஏதாவது ஒரு சங்கத்தின் சார்பில், சட்டத்தைத் தங்கள் பக்கம் கொஞ்சம் வளைத்துக்கொண்டு போக வந்தவர்கள் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி 'மரியாதை நிமித்தம்' என்று எழுதினார்கள்.

"மரியாதை நிமித்தம் வந்தவங்க மூணாவது தடவையும் வந்தா, எங்கேயோ ஒரு விதி மாறப் போகுதுன்னு வச்சுக்கோ" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மேகம் கறுத்தால் மழை வரும் என்பதுபோல் சொன்னார்.

நான் மின்வேலை பார்ப்பவன். எங்கள் ஊர் நாடகக் குழுவில் விளக்குகள் என் பொறுப்பு. தன் மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போனபிறகு அக்கா எங்கள் குழுவுக்கு வந்தார். பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. முதல் வரிசைக்குக் கேட்காமல் நடிகரின் காதில் மட்டும் விழுகிற குரல் அவருக்கு வாய்த்திருந்தது. முன்னறையில் இருந்து பழகிய குரல் அது.

எங்களுக்கு நாடகம் எழுதுபவர் ஒரு பூகோள வாத்தியார். நேர்மையானவர். வருடத்துக்கு நாலு மனு எழுதுவார். பதில் வராத மனுக்களுக்கென்று தனிக் கோப்பு வைத்திருந்தார். பதில் வந்தவற்றுக்குக் கோப்பு தேவைப்படவில்லை. அந்த வருடம் அவர் எழுதியது ஒரு நகைச்சுவை நாடகம். புதிதாக ஜெயித்த இளைஞன் ஒருவன், பேருந்து இருக்கை ஒவ்வொன்றும் பதினெட்டு அங்குல அகலம் இருக்க வேண்டுமென்று சட்டம் கொண்டுவரக் கிளம்புகிறான். பேருந்துக் கூடு கட்டுபவர்களின் சங்கத்திலிருந்து ஒரு தரகர் வருகிறார். காட்சிக்குக் காட்சி இருக்கை குறுகிக்கொண்டே போகிறது. தச்சர் நாலு இருக்கைகள் செய்து கொடுத்தார்: பதினெட்டு, பதினேழு, பதினாறு, கடைசியில் பதின்மூன்று. இளைஞனாக நடித்தவர் எங்கள் பேக்கரிக்காரர். வயது முப்பது, எடை தொண்ணூறு.

தரகர் வேடம் ஒரு வங்கிக் காசாளருக்கு. கறுப்புக் கண்ணாடி, இரண்டு மோதிரம், கையில் பெட்டி, இடி இடித்தாற்போல் ஒரு சிரிப்பு. முதல் ஒத்திகையில் அவர் சிரித்துக்கொண்டே நுழைந்தபோது, பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்படி வரமாட்டாங்க."

வாத்தியார் திரும்பினார். "என்னக்கா?"

"மன்னிச்சுக்கோங்க சார். வசனம்தான் சொல்லணும், தெரியும். ஆனா யாரும் அப்படி வரமாட்டாங்க."

"பின்ன எப்படி வருவாங்க?"

அக்கா எழுந்து மேடைக்கு வந்தார். "குடையை வெளியில வச்சுட்டு மெதுவா வருவாங்க. காக்க வச்சா கோவிச்சுக்க மாட்டாங்க. என் முட்டி வலி எப்படி இருக்குன்னு கேப்பாங்க. போன தடவை எந்த முட்டின்னு ஞாபகம் வச்சிருப்பாங்க. முதல் ரெண்டு தடவை ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. அப்புறம், 'சார், உங்களுக்கு ஆயிரம் வேலை. இதை நீங்க உக்காந்து எழுதணுமா? நான் ஒரு வரைவு வச்சிருக்கேன், சும்மா பாருங்க' அப்படின்னு ஒரு தாளை வைப்பாங்க. அந்தத் தாள்ல ஒரு எழுத்துப்பிழை இருக்காது சார்."

 வாத்தியார் கையிலிருந்த பிரதியின் பாதிப் பக்கங்களைக் குறுக்கே அடித்தார்.

புதிய வசனம் காசாளருக்கு ஒட்டவில்லை. இடிச் சிரிப்பை விட அவருக்கு மனமும் வரவில்லை. அரங்கேற்றத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவருக்கு இடமாற்றம் வந்தது. எல்லார் பார்வையும் அக்கா பக்கம் திரும்பியது. அக்கா முடியாது என்றுவிட்டார். இருக்கிற வேலைக்கு அது சரிவராது, மேடையில் நின்று பழக்கமும் இல்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர் சிரித்தாராம். அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "இந்த வீட்டுப் பெயிண்ட் எனக்குப் பிடிச்ச நிறம்னு பத்து வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். போன மாசம்தான் யோசிச்சுப் பாத்தேன், அது நீ தேர்ந்தெடுத்தது. உனக்கா நடிக்க வராது?"

மறுநாள் அக்கா உள்ளறைக்குப் போய் உறுப்பினரிடம் அனுமதி கேட்டார். உறுப்பினர் கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"காமெடிதானேம்மா? என் பேர் வராதுல்ல?"

"யார் பேரும் வராது சார்."

"அப்ப நடிங்க."

அரங்கேற்றம் எங்கள் வழக்கமான பள்ளிக்கூட மண்டபத்தில், ஞாயிறு பிற்பகல். தகரக் கூரை, மழை வந்தால் வசனம் கேட்காது. அன்று மழை இல்லை. அக்கா அலுவலகத்துக்குக் கட்டும் அதே பருத்திப் புடவையில், குடையை ஓரமாகச் சாத்திவிட்டு மேடைக்கு வந்தார். நகைச்சுவை செய்ய முயலவே இல்லை. பேக்கரிக்காரரின் உடல்நலத்தை விசாரித்தார். அவர் அம்மாவின் சர்க்கரை அளவைக் கேட்டார். பதினெட்டு அங்குல யோசனையை மனமாரப் பாராட்டினார்.

"தம்பி, பதினெட்டு நல்ல எண்ணம். பதினேழு நடக்கிற காரியம். நல்ல எண்ணம் நடக்கணும்னுதான் நான் சொல்றேன்."

ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் மண்டபம் முழுவதும் சிரித்தது. மூன்றாவது காட்சியில் பேக்கரிக்காரர் பதினாறு அங்குலத்தில் இறங்கி உட்காரும்போது, "நானே விட்டுக்கொடுத்தேன், யாரும் கேக்கலை" என்று பெருமையாகச் சொன்னார். அப்போது அக்கா இரக்கத்தோடு சொன்னார்: "நான் உங்களுக்கு எதுவும் குடுக்கலையே தம்பி. உங்க நேரத்தைத்தான் மிச்சம் பண்ணிக் குடுத்தேன்." சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முடிவில் பேக்கரிக்காரர் நன்றி சொல்ல எழுந்தார். பதின்மூன்று அங்குல இருக்கையும் அவரோடு எழுந்தது. நான் விளக்கை அணைக்க மறந்து நின்றேன்.

இரண்டாவது ஞாயிறு நாலாவது வரிசையில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அக்கா மேடையிலிருந்தே பார்த்துவிட்டார். பதினைந்து வருடமாக முன்னறைக்கு வந்து போகும் ஆலோசகர். அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கும்; எதற்கு ஆலோசகர் என்று இருக்காது. ஒரு வருடம் டயர்க்காரர்களுக்காக வருவார், ஒரு வருடம் பிஸ்கட்காரர்களுக்காக. பக்கத்தில் அவர் மனைவி. அக்கா நடித்ததெல்லாம் அவரைப் பார்த்துப் படித்தது என்பது எங்களில் யாருக்கும் அன்று தெரியாது.

அந்த வாரமே ஆலோசகர் வாத்தியாரைப் போய்ப் பார்த்தார். நாடகத்தை மனம்விட்டுப் புகழ்ந்தார். தனக்குத் தெரிந்த வணிகர் சங்கத்துக்கு எண்ணூறு இருக்கை மண்டபம் இருக்கிறது, குளிர்சாதன வசதி உண்டு, வாடகை வேண்டாம் என்றார். முடிவு மட்டும் சற்றே நம்பிக்கையோடு இருந்தால் மக்களுக்கு நல்லது அல்லவா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார்.

அடுத்த ஒத்திகைக்கு வாத்தியார் மலர்ந்த முகத்தோடு வந்தார். முடிவில் இளைஞனுக்குப் பதினேழு அங்குலம் கிடைத்துவிடுகிறது என்றார். நாலு நாள் கழித்து, நாடகத்தில் வரும் சங்கம் உள்ளூர்ச் சங்கமாக இருக்க வேண்டியதில்லை, ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்கடுத்த ஞாயிறு புதுப் பிரதி வந்தது. அதில் தரகர் மனம் திருந்தி அழுகிறார்.

அக்கா பிரதியை நின்றபடியே படித்து முடித்தார்.

"சார், இதை உங்களை யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலக்கா. எனக்கே தோணிச்சு. எண்ணூறு பேர் பாக்கணும்னா கொஞ்சம்..."

"பதினாறுக்கு வந்துட்டீங்க சார்."

 பேக்கரிக்காரர் சிரிக்கத் தொடங்கி, வாத்தியார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாத்தியார் மேடை விளிம்பில் போய் உட்கார்ந்தார். "எனக்கே தோணிச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார், தன் காலணியைப் பார்த்தபடி. அக்கா அவர் பக்கத்தில் பிரதியை வைத்தார். "நான் ஒரு தடவை பேசிப் பாக்கறேன். எனக்கு அவரைத் தெரியும்."

மறுநாள் மதிய இடைவேளையில் அக்கா ஆலோசகரின் அறையைத் தேடிப் போனார். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், தாள்கள் நேர்த்தியாக அடுக்கிய சின்ன அறை. வந்தவருக்கென்று ஒரே ஒரு நாற்காலி.

"வா தங்கச்சி" என்றார் அவர். "என்ன விஷயமா?"

"மரியாதை நிமித்தம் அண்ணே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா அவர் மனைவியின் கண் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டார். இடது கண்ணா என்று உறுதி செய்துகொண்டார். தன் கணவரிடம் சொல்லி எடை குறைந்த கண்ணாடிச் சட்டம் ஒன்று போட்டுத் தரச் சொல்கிறேன் என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். அழைப்பிதழின் வரைவு. நல்ல நகைச்சுவையை ஆதரிக்கும் சங்கம் என்று மேலே வணிகர் சங்கத்தின் பெயர். கீழே, மாற்றம் எதுவும் இல்லாமல் நாடகம். ஒரு எழுத்துப்பிழை இல்லை.

ஆலோசகர் தாளை இரண்டு முறை படித்தார். "என் வேலையை என்கிட்டயே பண்றியா?"

"பதினஞ்சு வருஷமா பாத்துட்டு இருக்கேன்ல."

அவர் தாளைக் கீழே வைத்தார். சிரிப்பு போயிருந்தது. "முடிவு எப்படி இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. சங்கத்துக்காரங்களும் ஒண்ணும் சொல்லல. ஆனா, 'உங்க நேரத்தைத்தான் மிச்சம் பண்ணிக் குடுத்தேன்'னு ஒரு வசனம் வருது. அது நான் சொல்றது. வீட்லயும் சொல்லுவேன். நீ மேடையில சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டி சிரிக்கல. திரும்பி என்னைப் பாத்தா."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. தரகர்களைப் பற்றி நாடகம் போடுகிறோம் என்றுதான் நினைத்திருந்தார். ஒரு மனிதரின் சொந்தப் பேச்சைக் கேட்காமல் எடுத்துப் பொதுவில் வைத்துவிட்டோம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

"அது தப்புதான் அண்ணே. அதை எடுத்துடறேன். மத்தது அப்படியே இருக்கட்டும்."

"மத்தது இருக்கட்டும்" என்றார் ஆலோசகர்.

வாத்தியார் இதைக் கேட்டுக் கொதித்தார். நாடகத்திலேயே அதிகம் சிரிப்பு வாங்கிய வசனம் அது. தன் முடிவு முழுவதையும் தூக்கிக் கொடுக்க இருந்தவர், ஒரு வரிக்கு இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அக்காவும் விளக்கம் சொல்லவில்லை. மேடையில் யார் அதைச் சொல்கிறார்களோ அவர்கள் சொல்ல மாட்டேன் என்றால் அத்தோடு சரி.

எண்ணூறு இருக்கையும் நிறைந்தன. அந்த வரி இல்லாத இடம் எனக்குப் பள்ளமாகத்தான் பட்டது. மற்றபடி நாடகம் ஓடியது. இருக்கையோடு பேக்கரிக்காரர் எழுந்தபோது, இரண்டாவது வரிசையில் அக்காவின் உறுப்பினரும் எழுந்து நின்று கைதட்டினார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"நம்ம ஆலோசகர் குடுத்த வரைவெல்லாம் வச்சிருக்கீங்களாம்மா?"

அக்கா கோப்பைக் கொண்டுபோய் வைத்தார். நாற்பத்தொரு தாள்கள்.

"நான் சபையில பேசினது, இதுல எத்தனை?"

"முப்பத்தெட்டு சார்."

"அப்ப மிச்சம் மூணு நாள் நானா பேசியிருக்கேன்."

"அந்த மூணு நாளும் நீங்க சபைக்கு வரல சார்."

உறுப்பினர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மாலை வரை யாரையும் உள்ளே அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார். நாலு மணிக்கு வெளியே வந்து, முன்னறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து அக்கா பார்த்ததில்லை. "ஓய்வூதியம் நின்னுபோச்சுன்னு வந்தாங்களே, அவங்க எழுதினதைக் காட்டுங்க" என்றார்.

அதிலிருந்து ஒரு உரை எழுத அவருக்குப் பதினொரு நாள் பிடித்தது. அடித்து எழுதிய தாள்களை அக்கா தட்டச்சு செய்தார். வாக்கியங்கள் நொண்டின. ஓரிடத்தில் எழுவாயே இல்லை. திருத்தட்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "பிழை இருந்தா சொல்லுங்க, நான் திருத்தறேன்" என்றார். சபையில் நாலு நிமிடம் பேசினார். கேட்டவர்களில் பாதிப் பேர் தூக்கம். ஆனாலும் இரண்டு மாதத்தில் முன்னூற்றுச் சொச்சம் பேருக்கு நின்றுபோன ஓய்வூதியம் திரும்ப வந்தது. ஆலோசகரும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தார். அவர் வைத்த தாள்களை உறுப்பினர் படித்துவிட்டு, சிலவற்றை ஏற்றார், பலவற்றைத் திருப்பிக் கொடுத்தார்.

பதினொரு முறை மேடையேறியபின் நாடகம் நின்றது. அடுத்த நாடகத்தில் வாத்தியார் அக்காவுக்குப் பெரிய வேடம் எழுதி வைத்திருந்தார். அக்கா அதைப் பேக்கரிக்காரரின் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த தேர்தலில் உறுப்பினர் தொண்ணூறு வாக்கில் தோற்றார். அறையைக் காலி செய்யும் நாளில் அக்கா கூடமாட நின்று பெட்டி கட்டினார். கேடயங்கள், பொன்னாடைகள், சட்டம் போட்ட புகைப்படங்கள் எல்லாம் சுவரோரம் கிடந்தன. அவர் அவற்றை ஊழியர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். தன் கையால் எழுதிய ஆறு உரைகளை மட்டும், அடித்தல் திருத்தலோடு, ஒரு பழைய உறையில் போட்டு எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.